தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

நெல்லைச் சீமையில் வளர்ந்தவர்களில் பலர் சின்ன வயதில் இதைக் கேட்டு அழுதிருப்பார்கள். "ஏட்டி, ஒன்ன நாங்க பெறல. தவிட்டுக்கு வாங்குனோம்." சொல்பவர் மாமாவாக இருப்பார், அல்லது மதினி. பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடும். அம்மாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆமா, ரெண்டு படி தவிடு குடுத்தோம்" என்பாள். பிறகுதான் அள்ளி இடுப்பில் வைத்துக்கொள்வாள்.

இந்தக் கேலிக்குப் பின்னால் கேலியில்லாத ஒரு பழக்கம் இருந்தது. முந்திய பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் ஒரு நிமிடம் கிடத்தி எடுப்பார்கள். அல்லது பக்கத்து வீட்டுக்காரியின் கையில் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தவிட்டை விலையாகத் தந்து திரும்ப வாங்குவார்கள். பெற்றவளுக்கு உரிய பிள்ளை இல்லை, எங்கிருந்தோ வந்தது என்று எமனை நம்பவைக்கிற ஏற்பாடு. பிச்சை, குப்பம்மாள், தவிடன் என்ற பெயர்களெல்லாம் அப்படி வந்தவைதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. எமனை ஏமாற்ற நினைத்ததில் வியப்பில்லை.

மார்கரெட் டிராவிக் என்ற அமெரிக்க மானிடவியலாளர் தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் அன்பை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்த்து 1990-ல் ஒரு நூல் வெளியிட்டார். அவரைத் திகைக்கவைத்தது ஒன்று உண்டு. தாய் தன் பிள்ளையை ஆசையோடு உற்றுப் பார்க்கக்கூடாது. தாயின் கண்ணே பொல்லாத கண். தன் பிள்ளையை நாலு பேர் முன்னால் கொஞ்சுவதைவிட, ஓரகத்தியின் பிள்ளைக்கு முதலில் சோறு ஊட்டுவதுதான் நாகரிகம். அவர் ஊரில் பிள்ளையை நாளுக்குப் பத்துமுறை "உன்னை நேசிக்கிறேன்" என்று சொல்லி வளர்ப்பார்கள். இங்கே "சனியனே, வந்து சாப்பிடு" என்பார்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் சேதி போய்ச்சேர்ந்துவிடுகிறது.

ஆக, அன்பைக் காட்டும் விதத்தைச் சமூகம் சொல்லிக்கொடுக்கிறது என்பதில் சிக்கல் இல்லை. காட்டப்படும் அந்த அன்பு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. எதையும் திருப்பிக் கேட்காத, பிள்ளை அழகா, அறிவா, ஆணா, பெண்ணா என்று பாராத அன்பு ரத்தத்திலேயே ஊறியதா, பார்த்துப் பழகிக் கற்றுக்கொள்வதா? "பெத்த மனம் பித்து" என்ற பழமொழி ரத்தத்தின் கட்சி. தவிட்டுக் கதை எதிர்க்கட்சி. விலைக்கு வாங்கிய பிள்ளைக்கும் அதே இடுப்பும் அதே சோறும் கிடைக்கும் என்று ஊரே நம்பியதால்தானே அந்தக் கதை எடுபட்டது.

*

முதலில் ரத்தத்தின் கட்சியைக் கேட்போம். பிறவியிலேயே வரும் உந்துதல் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் காக்கையைப் பார்க்கலாம். சித்திரை பிறந்ததும் தாமிரபரணிக் கரைத் தோப்புகளில் ஆண் குயில் கூவத் தொடங்கும். பெண் குயில் காக்கைக் கூட்டில் முட்டை இடும். காக்கை அடைகாத்து, குஞ்சு பொரித்து, அது பறக்கத் தொடங்கிய பிறகும் கொத்தி வந்து ஊட்டிக்கொண்டிருக்கும். நிறம் வேறு, குரல் வேறு. காக்கைக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. தன் கூட்டில் திறந்த வாய் ஒன்று தெரிகிறது, உணவு வைக்கிறது. நிபந்தனையே இல்லாத அன்புக்கு அகராதியில் படம் போடச் சொன்னால் இதைத்தான் போட வேண்டும். ஆனால் இதை அன்பு என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை, ஏமாளித்தனம் என்கிறோம்.

இதன் மறுபக்கத்தை நாங்குநேரி வட்டத்தில் உள்ள கூந்தன்குளத்தில் பார்க்கலாம். 1994-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட குளம் அது. மஞ்சள்மூக்கு நாரைகள் குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமல்லாமல் ஊருக்குள் வீட்டு வாசல் மரங்களிலும் கூடு கட்டும். மீன் கொண்டுவந்து கூட்டில் கக்கி ஊட்டும் நாரை, குஞ்சு தவறித் தரையில் விழுந்துவிட்டால் இறங்கி வந்து ஊட்டுவதில்லை. அதே குஞ்சு, அதே வாய், அதே கத்தல். இடம் மாறியதும் தாய்க்கும் குஞ்சுக்கும் இடையில் இருந்த கம்பி அறுந்துவிடுகிறது. விழுந்ததை எடுத்து மீன் கொடுத்து வளர்ப்பது ஊர்க்காரர்களும் வனத்துறையும்தான். தீபாவளிக்கு அங்கே வெடி போடுவதில்லை. பறவை எச்சம் கலந்த குளத்து நீரும் வண்டலும் வயலுக்கு உரமாகின்றன என்பதும் உண்மைதான். அதற்காக, விழுந்த குஞ்சை ஒருவர் துண்டில் சுற்றி எடுத்து வரும்போது உரக்கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறார் என்று நான் நம்பவில்லை.

காக்கையிடம் இருக்கும் தூண்டுவிசை நம்மிடமும் இருக்கிறது. பெரிய தலை, அகன்ற கண், உப்பிய கன்னம், குட்டை மூக்கு: இந்த முகவெட்டைப் பார்த்தால் பெரியவர்களுக்குப் பராமரிக்கும் உந்துதல் எழுகிறது என்று விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கோன்ராட் லோரன்ஸ் 1943-ல் எழுதினார். 2008-ல் ஆக்ஸ்போர்டில் மார்ட்டன் கிரிங்கல்பாக் குழுவினர் மூளையின் காந்தப் புலத்தை அளந்து பார்த்தார்கள். முன்பின் தெரியாத குழந்தையின் முகத்தைக் கண்டவுடன், ஏறத்தாழ 130 மில்லிவினாடியில், கண்குழிக்கு மேலே உள்ள நெற்றிமூளைப் பகுதி உயிர்த்தது. பெரியவர்கள் முகத்துக்கு அப்படி நடக்கவில்லை. இது யார் பிள்ளை என்று யோசிக்க அந்த நேரம் போதாது. பேருந்தில் முன்சீட்டுத் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கும் குழந்தையைப் பார்த்து, வாழ்க்கையில் யாரிடமும் சிரிக்காத மனிதர் ஒருவர் முகத்தைக் கோணிக் காட்டுகிறாரே, அந்த இடம் இதுதான்.

ஆனால் அடுத்த நிறுத்தத்தில் அந்தக் குழந்தை இறங்கிப்போனால் அவர் அழுவதில்லை. உந்துதல் பிறவியில் வந்துவிட்டது. பாசம் இன்னும் வரவில்லை.

*

நடுவில் என்ன நடக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான விடை எலிகளிடமிருந்து வந்தது. குட்டி போடாத பெண் எலிக்கு எலிக்குட்டியைக் கண்டாலே ஆகாது. மோந்து பார்த்துவிட்டு விலகிப் போகும், சில சமயம் கடித்தும் விடும். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே ரோசன்பிளாட் அப்படிப்பட்ட எலிகளின் கூண்டில் நாள்தோறும் புதிய குட்டிகளை விட்டுக்கொண்டே இருந்தார். ஏறத்தாழ ஒரு வாரத்தில் அவை குட்டிகளைக் கவ்விக் கூட்டில் சேர்த்தன, நக்கின, பால் கொடுப்பதுபோல் மேலே கவிந்து நின்றன. சூலகம் அகற்றப்பட்ட எலிகளும் செய்தன. ஆண் எலிகளும் செய்தன. 1967-ல் வெளியான இந்த முடிவின் பொருள் இதுதான்: தாய்மைக்கான கம்பி இணைப்பு ஒவ்வோர் எலியின் மூளையிலும் ஏற்கெனவே இருக்கிறது. பிரசவம் அதை ஒரே நாளில் முடுக்கிவிடுகிறது. பழக்கம் அதையே ஒரு வாரத்தில் முடுக்குகிறது.

பிரசவத்தின் வேகத்துக்குக் காரணம் ஹார்மோன்கள். அவற்றில் ஆக்ஸிடோசின் இன்று சினிமா நடிகர் அளவுக்குப் பெயர் வாங்கிவிட்டது. "காதல் ஹார்மோன்" என்று பட்டம் வேறு. நம் ஊர் மாட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோல் அடைத்துப் பசுவின் முன்னால் நிறுத்துவார்கள். பசு அதை நக்கும், மடி சுரக்கும். சுரக்கவைப்பது பசுவின் மூளையடியிலிருந்து கிளம்பும் இதே ஆக்ஸிடோசின். பின்னாளில் வைக்கோல் கன்றுக்குப் பதிலாக ஆக்ஸிடோசின் ஊசியையே சட்டவிரோதமாகப் போட்டுப் பால் கறந்தவர்களும் உண்டு. ஊசி போட்ட பசுவுக்கு எந்தக் கன்றின் மீதும் புதிதாகப் பாசம் பொங்கியதாகத் தெரியவில்லை. ரத்தத்தில் ஏற்றும் ஆக்ஸிடோசின் மூளைக்குள் மிகக் கொஞ்சமே நுழையும் என்பது ஒரு காரணம். 1979-ல் பெடர்சனும் பிராங்கும் கன்னி எலிகளைத் தாய்போல் நடக்கவைத்தபோது ஆக்ஸிடோசினை நேராக மூளைக்குள்தான் செலுத்தினார்கள். அன்பு பெருக மூக்கில் அடித்துக்கொள்ளும் மருந்து என்று யாராவது விற்க வந்தால் இந்தப் பசுவை நினைத்துக்கொள்வது நல்லது.

மனிதத் தாய்க்கு வருவோம். லண்டனில் கே ராப்சன், ரமேஷ் குமார் என்ற இருவர் 1980-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குழந்தையை முதன்முதலில் கையில் வாங்கியபோது என்ன தோன்றியது என்று தாய்மார்களைக் கேட்டிருந்தார்கள். தலைப்பிரசவத் தாய்மாரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் சொன்ன பதில்: ஒன்றும் தோன்றவில்லை. வெறுப்பு இல்லை, அன்பும் இல்லை, ஒரு வெறுமை. அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு வாரத்துக்குள் பாசம் வந்துவிட்டது. எலிக்கு ஒரு வாரம், லண்டன் தாய்க்கும் ஒரு வாரம் என்று கணக்குப் பொருந்துவது தற்செயலாக இருக்கலாம், அதை நான் பெரிதுபடுத்தமாட்டேன். ஆனால் பிரசவ அறையில் அந்த வெறுமையை உணர்ந்து, "நான் ராட்சசியோ" என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் விழுங்கிக்கொண்ட பெண்கள் நம் ஊரிலும் இருந்திருப்பார்கள். "பெத்த மனம் பித்து" என்று கேட்டு வளர்ந்தவளால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது.

அப்பாக்கள் கதை என்ன? 2014-ல் இஸ்ரேலின் ரூத் ஃபெல்ட்மன் குழு 89 பெற்றோரின் மூளையைப் படமெடுத்தது. அவர்களில் 48 பேர், பெண் துணையில்லாமல் ஆண் இணையரோடு குழந்தை வளர்க்கும் தந்தையர். தாய்மாரின் மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் பகுதி மிகுதியாக வேலை செய்தது. வேலைக்குப் போய் மாலையில் வந்து கொஞ்சும் தந்தையரிடம் அது அவ்வளவாக இல்லை. முழுநேரமும் குழந்தையைப் பார்த்துக்கொண்ட தந்தையரிடம் அது தாய்மாரைப் போலவே விழித்திருந்தது. அவர்கள் யாரும் பிரசவிக்கவில்லை, பாலூட்டவும் இல்லை. இராத்திரி எழுந்தார்கள், துணி மாற்றினார்கள். அன்பு வந்து அதனால் தூக்கிச் சுமக்கிறோம் என்று நினைக்கிறோம். தூக்கிச் சுமப்பதால் அன்பு வருகிறது என்பதே இந்த ஆய்வுகளில் அதிகமாகத் தென்படுகிறது.

*

பாபநாசம் கோயில் வாசலில் வாழைப்பழத்தைப் பையோடு பிடுங்கிக்கொண்டு போகும் குரங்குகளைச் சபிக்காத யாத்திரிகர் இல்லை. குற்றாலத்திலும் அவைதான். நடுவகிடு எடுத்துத் தொப்பி வைத்தாற்போலத் தலைமயிர் படிந்த அந்த நாட்டுக்குரங்கு தென்னிந்தியாவுக்கே உரிய இனம். 1960-களில் அதன் உறவுக்கூட்டம் ஒன்று நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தது. சார்லஸ் காஃப்மன், லெனார்ட் ரோசன்ப்ளம் என்ற இருவர் அவற்றைத் தென்கிழக்கு ஆசியாவின் பன்றிவால் குரங்குகளோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒரே பேரினம், நெருங்கிய பங்காளிகள்.

பன்றிவால் குரங்கின் தாய் தன் குட்டியை மற்றவர்களிடம் விடாது. நாட்டுக்குரங்கின் பெண்கள் ஒன்றோடொன்று உடல் ஒட்டி உட்காருகிறவை. பக்கத்தில் இருப்பவள் குட்டியைத் தொட்டால், இழுத்தால் தாய் பெரிதாகச் சண்டைக்குப் போகாது. தாயைக் கூட்டத்திலிருந்து பிரித்தார்கள். கொடுமையான சோதனைதான், இன்றைக்கு அனுமதி கிடைப்பது கடினம். பன்றிவால் குட்டிகள் முதலில் அலறித் தேடின. பிறகு ஒடுங்கிச் சுருண்டு, தலை தொங்கி, விளையாட்டை மறந்து உட்கார்ந்துவிட்டன. மனிதக் குழந்தையின் துக்கத்தைப் பார்த்த மருத்துவருக்கு அந்த உட்காரல் தெரிந்ததுதான். நாட்டுக்குரங்குக் குட்டிகளும் அழுதன. ஆனால் கொஞ்ச நேரத்தில் சித்திகளும் பெரியம்மாக்களும் அவற்றை அணைத்துக்கொண்டார்கள். அந்த ஒடுக்கம் பெரும்பாலும் வரவே இல்லை.

மனிதன் இந்த இருவரில் யாருக்கு நெருக்கம்? மானிடவியலாளர் சேரா பிளாஃபர் ஹர்டி 2009-ல் எழுதிய நூல் முழுக்க இந்தக் கேள்விதான். நமக்கு இன்னும் நெருங்கிய சொந்தமான சிம்பன்சித் தாய் முதல் சில மாதங்கள் குட்டியை யார் கையிலும் கொடுக்காது. மனிதத் தாய் பிறந்த அன்றே கொடுக்கிறாள். தெற்குச் சீமையில் குழந்தைக்கு முதல் துளி இனிப்பை நாக்கில் வைக்கும் சேனைச் சடங்கைச் செய்வதே குடும்பத்தில் வேறொருவர். குளிப்பாட்டுவது ஆச்சி: காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே பிள்ளையைக் குப்புறப் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூக்கைப் பிடித்துவிட்டு, பச்சை உடம்புக்காரியைக் கிட்டவே விடாமல் விரட்டுவாள். பத்துப் பதினைந்து ஆண்டுகள் சோறு போட்டு வளர்க்க வேண்டிய மனிதக் குட்டியை ஒற்றைத் தாயால் வளர்த்திருக்கவே முடியாது என்பது ஹர்டியின் வாதம். பலர் கையில் வளர்ந்ததால்தான், இவர் முகத்தில் என்ன இருக்கிறது, இவர் என்னைத் தூக்குவாரா என்று பிறர் மனத்தைப் படிக்கும் திறனே நம் குழந்தைகளுக்கு வந்தது என்கிறார். இந்தப் பிற்பகுதியை நிரூபிப்பது கடினம். முற்பகுதியை மறுப்பது கடினம்.

*

களக்காட்டுக்குப் பக்கம் மலையடிவாரத்தில் டோனாவூர் என்ற ஊர் இருக்கிறது. கிறிஸ்தவ ஊழியத்துக்குப் பணம் கொடுத்த டோனா என்ற பிரஷ்யப் பிரபுவின் பெயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவான ஊர். வட அயர்லாந்திலிருந்து வந்த ஏமி கார்மைக்கேல் 1901-ல் அங்கே குடியேறினார். அதே ஆண்டு, கோயிலுக்குப் பொட்டுக்கட்ட வைத்திருந்த வீட்டிலிருந்து தப்பி ஓடி வந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் சேர்ந்தாள். பிறகு மற்றவர்களும், 1904 முதல் கைக்குழந்தைகளும் வந்தார்கள். பத்தே ஆண்டுகளில் அது நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் வீடாகிவிட்டது.

ஏமியின் எழுத்தைப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்து சமயத்தைப் பற்றி அவர் எழுதியதில் ஒரு மிஷனரியின் பார்வையே மேலோங்கியிருக்கும். பிள்ளைகளைக் கடத்துகிறார் என்று வழக்குகளும் வந்தன. பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துச் சட்டம் கொண்டுவரப் போராடியவர் முத்துலட்சுமி ரெட்டி. அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் வந்தது. அந்த விவாதத்துக்குள் இந்த அத்தியாயம் போகாது. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: ரத்த சம்பந்தமே இல்லாத பெண்கள், ரத்த சம்பந்தமே இல்லாத கைக்குழந்தைகளைப் பெருந்தொகையாக வளர்த்த இடம் நம் ஆற்றங்கரைக்கு அருகில் இருந்தது.

தொடக்கம் படுமோசம். பால்கொடுக்கத் தாய்மார் கிடைக்கவில்லை. வேற்றுப் பிள்ளைக்கு, அதுவும் சாதி தெரியாத பிள்ளைக்குப் பால் கொடுப்பதை ஊர் ஏற்கவில்லை. பிள்ளை பார்ப்பது வேலைக்காரிகளின் வேலை என்பதால் உதவிக்கு வரவும் ஆளில்லை. மருத்துவ வசதிக்காக நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்குப் பக்கத்தில் கைக்குழந்தைகளுக்கென ஒரு வீடு நடத்தினார்கள். பொன்னம்மாள் என்ற இளம் விதவை அதைக் கவனித்தார். அங்கே வயிற்றுக்கடுப்பு பரவிப் பல குழந்தைகள் இறந்தன. பொன்னம்மாள் 1915-ல் இறக்கும்வரை டோனாவூரின் முதுகெலும்பு அவர்தான். ஏமியின் பெயர் உலகம் முழுக்கத் தெரிந்திருக்கிறது, பொன்னம்மாளின் பெயர் திருநெல்வேலியிலேயே பலருக்குத் தெரியாது.

அங்கே உருவான அமைப்பு சுவையானது. ஏமி "அம்மா". பிள்ளைகளை வளர்க்கும் இந்தியப் பெண்கள் "அக்காள்". வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் "சித்தி". ஆண்கள், வெள்ளைக்காரர்கள் உட்பட, "அண்ணாச்சி". கென்டிலிருந்தோ எடின்பரோவிலிருந்தோ வந்த ஒருவரைக் குட்டிப் பெண்கள் "அண்ணாச்சி" என்று கூப்பிடுவதை நினைத்தாலே நெல்லைக்காரருக்குச் சிரிப்பு வரும். ஆனால் அதில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. பிள்ளைகள் கூட்டாகப் பெரிய மண்டபத்தில் படுக்கவில்லை. சிறு சிறு வீடுகளில், தங்களுக்கென்று ஓர் அக்காளோடு வளர்ந்தார்கள். பலருக்குப் பிறந்த நாள் தெரியாது. அதனால் "வந்த நாள்" கொண்டாடினார்கள்: அந்த வீட்டுக்கு அவள் வந்துசேர்ந்த நாள், பூவும் பரிசுமாக.

இது ஏன் முக்கியம் என்று புரிய இன்னொரு காப்பகத்தைப் பார்க்க வேண்டும். ரெனே ஸ்பிட்ஸ் என்ற மருத்துவர் 1940-களில் இரண்டு இடங்களில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார். ஒன்று சுத்தமான, மருத்துவர்கள் நாள்தோறும் வந்துபோன அநாதைக் குழந்தைகள் இல்லம். அங்கே ஒரு தாதிக்கு எட்டுக்கும் குறையாத குழந்தைகள். மற்றொன்று சிறைச்சாலையோடு சேர்ந்த காப்பகம். அங்கே தண்டனை பெற்ற தாய்மார்களே தங்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்கள். இல்லத்தில் இருந்த 91 குழந்தைகளில் 34 பேர் இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்தார்கள். சிறையில் யாரும் இறக்கவில்லை. ரத்தத்தின் கட்சி உடனே கைதட்டும்: பார்த்தீர்களா, பெற்ற தாய்! ஆனால் ஸ்பிட்ஸின் இரு இடங்களிலும் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே மாறியிருந்தன. ஒரு பக்கம் பெற்றவள் இருக்கிறாள். அதோடு, ஒரே ஆள் தொடர்ந்து தூக்குகிறாள். எது பிழைக்கவைத்தது?

அறுபது ஆண்டுகள் கழித்துத்தான் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் அரசு இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பிய ஆய்வு அது. பெற்றவர்கள் இரு பக்கமும் இல்லை. வளர்ப்பு வீடுகளுக்குப் போன குழந்தைகள், அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள், அறிவிலும் ஒட்டுறவிலும் நன்றாகத் தேறினார்கள். முறைவைத்து மாறும் ஆயாக்களிடம் இருந்தவர்கள் பின்தங்கினார்கள். டோனாவூரில் யாரும் ஆய்வு செய்யவில்லை. ஆனால் குழந்தைக்கு ஒரே அக்காள் என்ற ஏற்பாட்டுக்கு அவர்கள் அனுபவத்திலேயே வந்துசேர்ந்திருந்தார்கள்.

இன்னொரு சோதனையும் மீதி இருக்கிறது. ஹாரி ஹார்லோ என்ற அமெரிக்க உளவியலாளர் தாயில்லாமல் தனிக்கூண்டில் வளர்த்த பெண் குரங்குகள் குட்டி போட்டபோது தங்கள் தலைச்சன் குட்டியை மிதித்தன, கடித்தன, கண்டுகொள்ளாமல் விட்டன. பிறவி உந்துதல் மட்டும் போதும் என்றால் அப்படி நடந்திருக்காது. மாண்ட்ரியாலில் மைக்கேல் மீனி குழுவினர் 1999-ல் காட்டியது அதைவிட நுட்பம்: குட்டியை அதிகம் நக்கும் எலித்தாயிடம், நக்காத தாயின் பெண்குட்டியைப் பிறந்தவுடன் மாற்றி வைத்தால், அது வளர்ந்து தன் குட்டிகளை நன்றாக நக்குகிறது. பெற்றவளை விட்டுவிட்டு வளர்த்தவளைக் கொள்கிறது. அப்படியானால் அக்காள்களிடம் வளர்ந்த பெண்கள் என்ன ஆனார்கள்? பலர் அங்கேயே அக்காள்களாகி அடுத்து வந்தவர்களை வளர்த்தார்கள். மணமுடித்துப் போய்த் தாயானவர்களும் உண்டு. பதிவுகளை எழுதியவர்கள் அந்த இல்லத்தின் அன்பர்கள் என்பதால், மனம் கசந்து வெளியேறியவர்களின் குரல் அதில் குறைவாகத்தான் இருக்கும். அங்கே கிடைத்த அன்பும் முழுக்க நிபந்தனையற்றது என்று சொல்லமாட்டேன். பிள்ளைகள் ஒரு மதத்துக்குள் வளர்க்கப்பட்டார்கள், வளர்த்த பெண்களில் பலர் சம்பளமும் மணவாழ்வும் இல்லாமல் இருந்தார்கள். ஆனாலும், பெற்றால்தான் பிள்ளை என்ற கட்சிக்கு டோனாவூர் தலைமுறை தலைமுறையாக ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது.

*

புரூக்ளின் குரங்குகளிடம் இன்னொரு முறை போக வேண்டும். 1984-ல் ரோசன்ப்ளமும் பாலியும் நாட்டுக்குரங்குத் தாய்மாரை மூன்று பிரிவாக வைத்தார்கள். முதல் பிரிவுக்கு உணவு எளிதில் கிடைக்கும். இரண்டாவது பிரிவு எப்போதும் கிளறித் தேடியே எடுக்க வேண்டும். மூன்றாவது பிரிவுக்கு நிச்சயமே இல்லை: சில நாட்கள் எளிது, சில நாட்கள் கடினம். எந்தப் பிரிவுக் குட்டிகள் நொந்துபோயிருக்கும்? இரண்டாவது என்றுதான் தோன்றும். மூன்றாவது பிரிவில்தான் தாய்மார் பதற்றத்தோடு இருந்தார்கள், குட்டியைக் கவனிப்பது குறைந்தது. குட்டிகள் தாயை விட்டு நகரப் பயந்து ஒட்டிக்கொண்டன. கடினமான வாழ்க்கையைத் தாய்ப்பாசம் தாங்கிக்கொண்டது. நாளைக்கு என்ன என்று தெரியாத வாழ்க்கையைத் தாங்கவில்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் அந்த வட்டாரக் கிராமத்துக் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2002-ல் வெளியிட்ட ஆய்வை நான் இதோடு சேர்த்தே படிப்பேன். பிரசவத்துக்குப் பிறகு நூற்றுக்குப் பதினோரு பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு வந்தது? வருமானம் குறைந்தவர்கள். கர்ப்பகாலத்தில் பெருந்துன்பம் கண்டவர்கள். மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சரியில்லாதவர்கள். ஆண் குழந்தை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தவர்கள். கூடமாட வேலை செய்ய ஆளில்லாதவர்கள். இந்தப் பட்டியலில் தாயின் உள்ளே இருப்பது எதுவும் இல்லை. எல்லாம் அவளைச் சுற்றி இருப்பவை. வளர்க்க முடியாத பெண் குழந்தைகளை விட்டுச்செல்லட்டும் என்று 1992-ல் சேலத்தில் அரசு தொட்டில் வைத்ததும் இதே கணக்கில்தான். பெண் குழந்தையைப் போட்டுவிட்டுப் போனவர்களைக் கல்நெஞ்சக்காரிகள் என்று மேடையில் பேசுவது எளிது. மூன்றாவது பெண்ணுக்கு வரதட்சணை எங்கிருந்து வரும் என்ற கேள்வி அந்த மேடைக்கு வரவில்லை.

எனவே நிபந்தனையற்ற அன்பு இயல்பா, கல்வியா என்ற கேள்வியை நான் கொஞ்சம் திருப்பிப் போடுவேன். குழந்தைக்கு நிபந்தனை போடாமல் இருக்க வளர்ப்பவளுக்குப் பல நிபந்தனைகள் நிறைவேற வேண்டியிருக்கிறது: தூக்கம், சோறு, நாளைய நிச்சயம், இன்னொரு ஜோடிக் கை. அவற்றை யார் தருவது என்பதைச் சமூகம்தான் முடிவுசெய்கிறது. முன்பு தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கம் அந்தக் கையைக் கொடுத்தது. பெண்ணைப் பெற்றவர்கள் தலையில் செலவையும் அதுவே ஏற்றியது என்பதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது.

வழக்கம் இன்று விமானம் ஏறிவிட்டது. பாளையங்கோட்டையிலிருந்தும் தென்காசியிலிருந்தும் உரைமருந்துக் கல், வசம்பு, பூண்டு லேகியம் எல்லாம் பெட்டியில் கட்டிக்கொண்டு ஆச்சிகள் நியூஜெர்சிக்கும் டெக்ஸஸுக்கும் பிரசவம் பார்க்கப் போகிறார்கள். பார்வையாளர் விசாவில் ஒரு முறைக்கு வழக்கமாக ஆறு மாதம்தான் தங்க விடுவார்கள். ஆகவே முதல் ஆறு மாதம் பெண்ணைப் பெற்றவள், அவள் திரும்பியதும் மாப்பிள்ளையைப் பெற்றவள் என்று சம்பந்திகள் முறைவைத்துக்கொள்கிறார்கள். ஊரில் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்காத சம்பந்திகள்கூட இந்த ஒரு விஷயத்தில் தேதி பேசி ஒத்துப்போகிறார்கள். வசம்பு எப்படி உரைக்க வேண்டும் என்பதில் மட்டும் இன்னும் உடன்பாடு வரவில்லை.